பெட்ரோல் பங்க் சம்பளமும் 80 லட்சம் டாலரும்: ரொனால்ட் ரீடின் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்ற சிற்றூர். அங்கே 2014 ஜூன் 2 அன்று ரொனால்ட் ரீட் தன் 92-வது வயதில் இறந்தார். பெட்ரோல் பங்கில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுப் பழுதும் பார்த்தவர். பிறகு ஜே.சி. பென்னி கடையில் 1997 வரை 17 ஆண்டுகள் பகுதிநேரத் துப்புரவு வேலை. கணக்கு எடுத்தபோது சொத்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர் இருந்தது. அதில் 48 லட்சம் பிராட்டில்பரோ மெமோரியல் மருத்துவமனைக்கு, 12 லட்சம் புரூக்ஸ் மெமோரியல் நூலகத்துக்கு. மீதி, மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் கவனித்துக்கொண்டவர்களுக்கும்.

2015 பிப்ரவரியில் செய்தி உலகம் சுற்றியது. "சின்னச் சின்னதாகச் சேர்த்தார், மற்றதைக் கூட்டுவட்டி பார்த்துக்கொண்டது" என்றுதான் எல்லா இடத்திலும் எழுதினார்கள். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மாதம் 500 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும் திட்டம்) விற்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒத்துவராது.

சின்னத் தொகையால் இது நடந்திருக்குமா?

ரீட் வாங்கியதாகத் தெரியவரும் முதல் பங்குகளில் ஒன்று 1959 ஜனவரியைச் சேர்ந்தது: பசிஃபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 39 பங்குகள், சுமார் 2,380 டாலருக்கு. அப்போது அவருக்கு வயது 37. அன்று அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க வேலை செய்தால் 2,080 டாலர். அதாவது குறைந்தபட்சக் கூலிக்காரரின் ஓராண்டு வருமானத்தைவிடப் பெரிய தொகையை ஒரே தடவையில், ஒரே பங்கில் போட்டிருக்கிறார். இதைச் சின்னத் தொகை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். அமெரிக்கப் பங்குச் சந்தை, டிவிடெண்டை (நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணம்) மறுமுதலீடு செய்தால், அந்த 55 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 10% தந்தது. ரீடுக்கும் அதே சராசரிதான் கிடைத்தது, 1959-ல் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார், போடும் தொகையை ஆண்டுக்கு 4% கூட்டிக்கொண்டே போனார் என்று வைத்துக்கொள்வோம். 2014-ல் 80 லட்சம் வர வேண்டுமானால் முதல் ஆண்டில் மட்டும் 2,660 டாலர் போட்டிருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் சம்பளத்தில் அது ஆகாத காரியம்.

ஆகவே 1959-க்கு முன்பே கையில் கணிசமாக இருந்திருக்க வேண்டும். 1945-ல் ராணுவத்திலிருந்து திரும்பியவர், 1960-ல்தான் கல்யாணம் செய்துகொண்டார். இடையில் 14 ஆண்டுகள், சம்பளம் வாங்கும் தனி ஆள். அந்தக் காலத்துச் சேமிப்பு 15,000 டாலர் என்று ஒரு ஊகத்தை வைப்போம். 10% கணக்கில் அது மட்டுமே 2014-ல் 28 லட்சம் ஆகிவிடும். மீதி 52 லட்சத்துக்கு 1959-ல் 1,700 டாலருக்குச் சற்று மேல், மாதம் 140 டாலர் சுமார், போட்டிருந்தால் போதும். அன்று அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 5,400 டாலர். பங்க் ஊழியருக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். அப்படியானால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பல பத்தாண்டுகள் விடாமல், சேமிப்புக்குப் போயிருக்கிறது. டிவிடெண்டுக்கு ஆண்டுதோறும் கட்டிய வரியையும் சேர்த்தால் இந்த விகிதம் இன்னும் ஏறும், இறங்காது.

ரீடின் கதையில் கூட்டுவட்டிக்குக் கிடைத்த பெயரில் பாதி சேமிப்பு விகிதத்துக்குச் சேர வேண்டியது. கூட்டுவட்டி எதையும் பெருக்கும், பூஜ்யத்தையும்கூட.

மேலே சொன்ன ஏறுமுகச் சேமிப்பை மட்டும் ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 1959 முதல் 1968 வரை போட்ட முதல் பத்தாண்டுப் பணம்தான் கடைசித் தொகையில் ஏறத்தாழ 45%. வேலையை விட்ட 1997-க்குப் பிறகு போட்டதாக வருவது 8 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஐம்பது வயதுக்குமேல் சிக்கனத்தைத் தொடங்குகிறவருக்கு இந்தக் கணக்கு கசக்கும். அவர் ரீடைப் பார்த்து ஏங்குவதைவிட, தேவையான தொகையைக் குறைக்கும் வழியைப் பார்க்கலாம். அது பின்னால் வருகிறது.

எங்கே மிச்சம் பிடித்தார்

ரீடைப் பற்றிய துணுக்குகள் எல்லாருக்கும் பிடித்தவை. கோட்டுக்குப் பித்தான் போனால் ஊக்கு குத்திக்கொள்வார். பார்க்கிங் மீட்டருக்குக் காசு போடாமலிருக்க வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார். அடுப்புக்கு விறகைத் தானே வெட்டுவார், வயதான பிறகும். ஓட்டியது செகண்ட்ஹேண்ட் டொயோட்டா யாரிஸ். மருத்துவமனை காபிக் கடையில் மஃபினும் வேர்க்கடலை வெண்ணெயும்தான் காலை உணவு. இவர் வறியவர் என்று நினைத்து ஒருமுறை பக்கத்திலிருந்தவர் இவருடைய பில்லையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனாராம்.

படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் எடை போட வேண்டும். பார்க்கிங் மீட்டர் நாளுக்குக் கால் டாலர், ஆண்டுக்கு 300 நாள் என்று தாராளமாகவே வைத்தாலும் 75 டாலர்தான். அதை மட்டும் மிச்சம் பிடித்து யாரும் லட்சாதிபதி ஆனதில்லை. கனமான இனங்கள் வேறு.

முதலாவது வீடு. முப்பத்தெட்டு வயதுவாக்கில் இரண்டு படுக்கையறை வீட்டை ஏறத்தாழ 12,000 டாலருக்கு வாங்கினார். அன்றைய குடும்ப இடைநிலை வருமானத்தில் இரண்டேகால் மடங்குகூட இல்லை. அதன்பின் வருமானம் கூடியபோதும் சொத்து பெருகியபோதும் பெரிய வீட்டுக்கு மாறவில்லை. மாறாததில் மிஞ்சியது வீட்டு விலை வித்தியாசம் மட்டுமல்ல. சொத்து வரி, காப்பீடு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, அறை நிரப்பும் சாமான் எல்லாமே வீட்டின் அளவோடு வளர்பவை. வெர்மான்ட்டில் பனிக்காலம் நீளம். விறகு வெட்டியதன் பெறுமானம் மீட்டர் காசைவிடப் பல மடங்கு.

இரண்டாவது வாகனம். புது வண்டியின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக விழும். அந்த வீழ்ச்சியை முதல் உரிமையாளர் தலையில் விட்டுவிட்டு வாங்குகிறவர், வாழ்நாளில் ஏழெட்டு வண்டி மாற்றினால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தொகையைத் தப்பிக்கிறார்.

மூன்றாவது, பழுது பார்க்கத் தெரிந்த கை. மெக்கானிக் தன் வண்டிக்குத் தானே கூலி கொடுக்க வேண்டியதில்லை. சிக்கனம் பற்றி எழுதுபவர்கள் எதைக் குறைக்கலாம் என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். எதைத் தானே செய்யலாம் என்பது அதைவிடப் பெரிய வருமானம், அதற்கு வரியும் கிடையாது.

ஊக்கு, மஃபின், மீட்டர் எல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான். அவை ஒருவருடைய குணத்தைக் காட்டும், பணத்தைக் காட்டாது. வீட்டுக் கடன் தவணையைச் சம்பளத்தில் பாதிக்கு இழுத்துவிட்டு, காபியைக் குறைத்துச் சரிக்கட்டப் பார்ப்பது நம் ஊரிலும் நாள்தோறும் நடக்கிறது.

டிவிடெண்ட் காசோலை என்ன செய்தது

ரீட் பங்குகளைப் பெரும்பாலும் காகிதப் பத்திரங்களாக வைத்திருந்தார். வங்கி லாக்கரில் இருந்த கட்டு ஐந்து அங்குல உயரம். டிவிடெண்ட் காசோலை தபாலில் வரும், அதை வைத்து மேலும் பங்கு வாங்குவார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் படிப்பது அன்றாட வழக்கம்.

இதில் மறுமுதலீடுதான் உயிர்நாடி. 1959 தொடக்கத்தில், பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 55 புள்ளிகளை ஒட்டி இருந்தது. ரீட் இறந்தபோது 1,925-ஐ ஒட்டி. விலை உயர்வு மட்டும் ஏறத்தாழ 35 மடங்கு. டிவிடெண்டை மறுபடி போட்டுக்கொண்டே வந்தால், 10% கணக்கில், 190 மடங்குக்கு அருகே. அந்த 2,380 டாலரைச் சந்தைச் சராசரியில் ஓடவிட்டதாக எடுத்துக்கொண்டால், டிவிடெண்டைச் செலவழித்தவருக்கு 83,000 டாலர்; மறுபடி போட்டவருக்கு ஏறத்தாழ 4.5 லட்சம் டாலர். அதே பங்கு, அதே ஆண்டுகள். இந்தக் காலத்தில் அமெரிக்க விலைவாசி எட்டு மடங்கு ஏறியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பணத்தை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்திருந்தவருக்கு எட்டில் ஏழு பங்கு கரைந்திருக்கும், எவ்வளவு சிக்கனமாக இருந்திருந்தாலும்.

வாங்கியதை விற்காமல் வைத்திருந்ததற்குக் குணம் மட்டும் காரணமில்லை, காலமும் காரணம். நியூயார்க் பங்குச் சந்தையில் 1975 மே 1 வரை தரகுக் கட்டணம் எல்லாத் தரகரிடமும் ஒரே நிர்ணயம், அதுவும் கணிசமானது. சின்ன முதலீட்டாளர் வாங்கி விற்று விளையாடினால் தரகுக்கே பணம் போய்விடும். விற்காதவருக்கு மூலதன ஆதாய வரியும் வராது. அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு சலுகை உண்டு: உரிமையாளர் இறந்தால் பங்கின் அடக்கவிலை (வரிக் கணக்கில் வாங்கிய விலை) அன்றைய சந்தை விலைக்கு உயர்த்தப்படும், வாழ்நாள் ஆதாயத்துக்கு வரியே கிடையாது. அறக்கொடையாகப் போன 60 லட்சத்துக்கு எஸ்டேட் வரியும் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி) இல்லை. மீதி 20 லட்சம், 2014-ல் இருந்த 53.4 லட்சம் டாலர் கூட்டரசு விலக்கு வரம்புக்குள் அடங்கிவிட்டது.

95 பங்குகள்

இறக்கும்போது அவரிடம் குறைந்தது 95 நிறுவனங்களின் பங்குகள் இருந்தன. வெல்ஸ் ஃபார்கோ, புராக்டர் அண்ட் கேம்பிள், கோல்கேட்-பாமாலிவ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஜே.எம். ஸ்மக்கர், ஜான்சன் அண்ட் ஜான்சன். வங்கி, சோப்பு, பற்பசை, ஜாம், மருந்து. டிவிடெண்ட் தருபவை, என்ன விற்கிறார்கள் என்று பார்த்தாலே புரிபவை. தொழில்நுட்பப் பங்குகளைப் பெரும்பாலும் தொடவில்லை. மிகப் பெரிய இருப்பான வெல்ஸ் ஃபார்கோ ஏறத்தாழ 5 லட்சம் டாலர், மொத்தத்தில் 6 சதவீதத்தை ஒட்டி.

2008-ல் திவாலான லேமன் பிரதர்ஸ் பங்கும் அவரிடம் இருந்தது. அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை: 95-ல் ஒன்று முழுசாகப் போனாலும் சராசரியில் 1 சதவீதம்தான் சேதம். ஆனால் ரீடிடமிருந்து கற்க வேண்டியதில் இது முக்கியமானது. அவர் எல்லாப் பங்கையும் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தவறான பங்கு தன்னை வீழ்த்த முடியாதபடி பரப்பி வைத்திருந்தார்.

இதே வகைக் கதை இன்னும் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் கிரேஸ் குரோனர், அபட் நிறுவனத்தில் 43 ஆண்டுகள் செயலாளர் வேலை பார்த்தவர், 1935-ல் அதே நிறுவனத்தின் 3 பங்குகளை 180 டாலருக்கு வாங்கி, டிவிடெண்டை மறுமுதலீடு செய்துகொண்டே வந்தார். 2010-ல் 100 வயதில் இறந்தபோது லேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்கு 70 லட்சம் டாலர் போனது. வருமான வரித்துறைத் தணிக்கையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஆன் ஷைபர் 1944-ல் 5,000 டாலரோடு தொடங்கி, 1995-ல் இறக்கும்போது 2.2 கோடி டாலரை யெஷிவா பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார்.

குரோனர் கதையைப் பின்பற்றச் சொல்ல மாட்டோம். வேலை பார்க்கும் கம்பெனியிலேயே மொத்தச் சேமிப்பும் இருந்தால், கம்பெனி கவிழும் நாளில் சம்பளமும் சேமிப்பும் ஒன்றாகப் போகும். அபட் கவிழவில்லை என்பதால் அந்தக் கதை நம் காதுக்கு வந்தது. கவிழ்ந்த கம்பெனிகளின் செயலாளர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதில்லை. ரீடின் வழியில் அந்த ஆபத்து குறைவு, அதனால்தான் ஆய்வுக்கு அவரை எடுத்துக்கொண்டோம்.

அந்த 55 ஆண்டுகள் அமைதியாகவும் போகவில்லை. 1973-74-ல் சந்தை கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் டௌ குறியீடு 22.6% சரிந்தது, நான்கு நாள் கழித்து அவருக்கு 66 முடியும் பிறந்தநாள். 2007-09 சரிவில் குறியீடு 57% இறங்கியபோது அவர் 87 வயதுக்காரர். இந்த மூன்றிலும் விற்காமல் இருக்க முடிந்ததற்குத் துணிச்சலைத் தேட வேண்டாம். அவருடைய மாதச் செலவு அந்தப் பங்குகளை நம்பி இல்லை. அடுத்த மாத மளிகைக்குப் பங்கை விற்றாக வேண்டியவருக்கு 57% சரிவு வேறு மாதிரி இருக்கும்.

எப்போது விடுதலை அடைந்தார்?

பொருளாதார விடுதலைக்கு நடைமுறையில் உள்ள அளவுகோல் 25 மடங்கு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் பழைய சந்தைத் தரவுகளை ஓட்டிப் பார்த்து, பங்கும் கடன்பத்திரமும் கலந்த தொகுப்பிலிருந்து முதல் ஆண்டில் 4% எடுத்து, பிறகு அதைப் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்று காட்டினார். 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் ஆண்டுச் செலவுபோல் 25 மடங்கு.

இந்தச் சூத்திரத்தில் சம்பளம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செலவு மட்டும்தான். அதனால் சிக்கனம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: மாதம் மிஞ்சுவதைக் கூட்டுகிறது, எட்ட வேண்டிய தொகையைக் குறைக்கிறது. பணவீக்கம் போக 5% வருவாய் என்று வைத்தால், சம்பளத்தில் 10% சேமிப்பவருக்கு 51 ஆண்டுகள் ஆகும். 25% சேமித்தால் 32, பாதியைச் சேமித்தால் 17 ஆண்டுகளுக்குள். சம்பள உயர்வை அப்படியே செலவுக்கு விடுகிறவருக்கு இந்த ஆண்டுகள் குறையவே குறையாது, ஏனென்றால் எட்ட வேண்டிய கோடு கூடவே நகர்ந்துகொண்டிருக்கும்.

ரீட் எந்த அளவில் பார்த்தாலும் இறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். 80 லட்சத்துக்கு 2.5% டிவிடெண்ட் என்றாலே ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். விறகு வெட்டி வாழ்ந்தவரின் செலவு அதில் ஒரு மூலைக்கும் காணாது. ஆனாலும் 1997 வரை, 76 வயதை எட்டும் வரை, துடைப்பத்தோடு வேலைக்குப் போனார். பங்க் வேலையை விட்டு ஓராண்டு சும்மா இருந்து பார்த்துவிட்டுத்தான் அந்த வேலைக்கே சேர்ந்தார். வேலை பிடித்திருந்தால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் விடுதலை வேண்டும் என்று சேமிப்பவர் இவரை முழு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவையான தொகை எவ்வளவு என்று எழுதி வைக்காமல் சேமிப்பவர், தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருப்பார். மனைவி 1970-ல் இறந்துவிட்டார்; அதன்பின் அவர் எடுத்த முடிவுகள் எதற்கும் வீட்டில் இன்னொருவர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. குடும்பஸ்தரின் சிக்கனம் அப்படி நடக்காது. ஒருவர் கஞ்சத்தனம் என்பதை இன்னொருவர் சிக்கனம் என்பார், அந்தச் சண்டையில்தான் பாதித் திட்டங்கள் படுத்துவிடுகின்றன. செலவுக் கணக்கை இருவரும் சேர்ந்து போடுவதும், ஆளுக்கொரு தொகையைக் கேள்வி கேட்காத செலவுக்கு ஒதுக்குவதும் இங்கே எந்தப் பங்குத் தேர்வையும்விட முக்கியம்.

இன்னொரு துணையும் அவருக்கு இருந்தது. அமெரிக்காவில் சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் உண்டு. 65 வயதில் மெடிகேர் மருத்துவக் காப்பீடு, அவருடைய விஷயத்தில் 1986 முதல். முதுமையின் இரண்டு பெரிய செலவுகளில் அரசு ஒரு கை கொடுத்ததால் பங்குகளைத் தொடாமல் இருக்க முடிந்தது.

இங்கே பொருத்தினால்

இந்தியாவில் அந்தத் துணை பலருக்கு இல்லை, பணவீக்கமும் அமெரிக்காவைவிடக் கூடுதல். ஆகவே 25 மடங்கை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. நாற்பது வயதில் வேலையை விட நினைப்பவருக்கு 30 ஆண்டுகள் தாங்கினால் போதாது என்பதும் உண்டு. 33 மடங்கும், பணவீக்கமும் வரியும் போக 3% வருவாயும் வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பானது.

மாதம் 60,000 ரூபாய் கைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். செலவு 45,000 என்றால் எட்ட வேண்டிய தொகை 1.78 கோடி, ஆகும் காலம் ஏறத்தாழ 47 ஆண்டுகள். அதாவது எட்டவே மாட்டார்கள். செலவை 40,000-க்கு இறக்கினால் 1.58 கோடி, 37 ஆண்டுகள். 30,000 என்றால் 1.19 கோடி, 23 ஆண்டுகள். மாதச் செலவில் நிரந்தரமாகக் குறையும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் தேவைப்படும் தொகை 3.96 லட்சம் இறங்குகிறது. ஐம்பதைத் தாண்டியவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்: இன்னும் எவ்வளவு சேர்ப்பது என்பதைவிட, எந்த ஆயிரத்தை நிரந்தரமாக நிறுத்தலாம் என்பது அவர் கைக்குள் இருக்கிறது.

45,000-லிருந்து 30,000-க்கு இறங்குவது டீயைக் குறைத்து வராது. வாடகை, கார் இஎம்ஐ, பள்ளிக் கட்டணம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றில் கை வைத்தாக வேண்டும். வேலை இடத்துக்கு நடை தூரத்தில் சின்ன வீடு, காருக்குப் பதில் ஸ்கூட்டரும் தேவைப்படும்போது ஆட்டோவும் என்று மாறினால் முதல் இரண்டும் ஒன்றாகவே இறங்கும். மின்கட்டணம் போன்ற இடங்களில் படிநிலையைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்: தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று நிற்காது, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகைக் கட்டணமும் போய்விடும். ஏசி போடும் வீட்டில் மீட்டரை மாதம் ஒருமுறை பார்த்து வைப்பதே பலன் தரும்.

குறைக்கக் கூடாத இடமும் உண்டு. மருத்துவக் காப்பீட்டையும் டேர்ம் பாலிசியையும் (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) சிக்கனம் என்று நிறுத்துபவர்களின் சேமிப்பு ஒரே ஆஸ்பத்திரி பில்லில் பத்தாண்டு பின்னால் போகும். அதேபோல் செலவைச் சுருக்கிச் சேர்த்ததை எல்லாம் 5, 6 சதவீதம் தரும் எண்டோமென்ட் பாலிசியிலும் (சேமிப்பும் காப்பீடும் கலந்தது) சேமிப்புக் கணக்கிலும் நிறுத்தி வைப்பது. ரீட் விறகு வெட்டி மிச்சம் பிடித்ததைப் பெட்டியில் பூட்டியிருந்தால் அவர் பெயர் வெளியே வந்திருக்காது. இங்கே 95 பங்கு தேடி அலைய வேண்டியதில்லை, நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கும் அந்த வேலையைச் செய்துவிடும். 2020 ஏப்ரல் முதல் 7.1% தரும் பிபிஎஃப்-இல் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. ஃபண்டில் குரோத் வகையைத் தேர்ந்தால் டிவிடெண்ட் உள்ளேயே மறுமுதலீடாகும். டிவிடெண்டாகக் கையில் வாங்கினால் 2020 ஏப்ரல் முதல் அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்கில் வரி கட்ட வேண்டியதாகிவிடும்.

ரீடிடமிருந்து கண்டிப்பாகக் காப்பி அடிக்கக் கூடாதது அந்த ஐந்து அங்குலப் பத்திரக் கட்டு. நம் நாட்டில் 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கை இன்னொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது. வாரிசுக்கு மாற்றும்போதும், 2022-லிருந்து, பங்கு டீமேட் (மின்னணுப் பங்குக் கணக்கு) வடிவில்தான் கிடைக்கும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் பெறப்படாமல் கிடந்தால், டிவிடெண்ட் மட்டுமல்ல, பங்கே ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெற ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டு, கம்பெனியின் சரிபார்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். தாத்தா லாக்கரில் பழைய பத்திரம் கிடைத்தவர்கள் பலருக்கு இந்த அலைச்சல் பழக்கம்.

வரியிலும் வித்தியாசம். இந்தியாவில் எஸ்டேட் வரி 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது, அது சௌகரியம். ஆனால் அமெரிக்கா போல் அடக்கவிலை உயராது. அப்பா வாங்கிய விலைதான் மகளுக்கும் அடக்கவிலை. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பட்டியலிட்ட பங்குக்கு அன்றைய விலையை எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை மட்டும் உண்டு. விற்கும்போது ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால ஆதாயத்துக்கு 12.5% கட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் 1.25 லட்சம் ஆதாயம் வரும் அளவுக்கு விற்று, உடனே திரும்ப வாங்கினால் அடக்கவிலை வரியில்லாமல் ஏறிக்கொண்டே வரும். விற்காமலே இருந்த ரீடுக்குத் தேவைப்படாத வேலை இது, நமக்குத் தேவை.

கடைசியாக உயில். ரீட் எழுதி வைத்திருந்ததால்தான் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் பணம் போனது. டீமேட்டில் நாமினி போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாமினி பங்கைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு. உயில் வெள்ளைத்தாளில் எழுதினாலே செல்லும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காமல், எழுதுபவரைவிட வயது குறைந்தவர்களை வைப்பது நல்லது. டீமேட் எண், ஃபண்ட் ஃபோலியோ எண்கள், பிபிஎஃப் கணக்கு, பாலிசி எண்கள் அடங்கிய ஒரு பக்கத்தை உயிலோடு சேர்த்து வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும்.